சேலை மூட்டையின் நிறம்: வன்னிப் போர்ப் படங்களைச் சான்றாக வாசித்தல்

போர் முடிந்தபின் முள்ளிவாய்க்கால் கடற்கரையில் எடுக்கப்பட்ட படங்களில் திரும்பத் திரும்பக் கண்ணிற் படுவது, மணலுக்குள் பாதி புதைந்து கிடக்கும் சேலைத்துணி. 2009 இன் முதல் மாதங்களில், சாக்குப் பைகள் தீர்ந்துபோன நிலையில், இடம்பெயர்ந்த மக்கள் சேலைகளை வெட்டிப் பைகளாகத் தைத்து, மணல் நிரப்பி, பதுங்குகுழிகளைச் சுற்றி அடுக்கினார்கள். கடற்கரை மணலில் வெட்டிய குழி தானாக நிற்காது, சரிந்து மூடிவிடும். அதற்கு அணையாக நின்றவை இந்தச் சேலை மூட்டைகள். பெட்டிக்குள் பத்திரமாக மடித்து வைத்திருந்த கூறைச் சேலைகளும் அதற்குப் போயின. வர்ணப் படத்தில் அரக்குச் சிவப்பும் மாம்பழ மஞ்சளும் சரிகைக் கரையும் தெரிகின்றன. பார்க்கிறவருக்கு மூட்டை என்று புரியுமுன்னரே சேலை என்று புரிந்துவிடுகிறது.

அதே படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால் மூட்டை மட்டுமே எஞ்சும். முதலாம் உலகப் போரின் பதுங்கு அகழிகளில் அடுக்கிய, வங்காளத்துச் சணலில் நெய்த சாக்கு மூட்டைகளுக்கும் இவற்றுக்கும் வேறுபாடு காண்பது கடினம். அங்கே அடுக்கியது இராணுவம். இங்கே தைத்தவர்கள் குடும்பப் பெண்கள். அந்த நிலத்துண்டில் இருந்தவர்கள் யார் என்பது பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக விவாதிக்கப்படும் கேள்வி. அதற்கான விடையின் ஒரு பகுதி அந்தத் துணியின் நிறத்தில் இருக்கிறது. வன்னிப் போர்ப் படங்களில் நிறத்தை அலங்காரமாகவோ உணர்ச்சியைத் தூண்டும் பூச்சாகவோ கருதாமல், சான்றின் ஓர் அங்கமாகவே வாசிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

போரும் வர்ணப் படமும் பற்றிய மேலைநாட்டு ஆய்வுகள் பெரும்பாலும் எதிர்த்திசையிலிருந்து தொடங்குகின்றன. அங்கே பழைய போர் என்றாலே கறுப்பு வெள்ளை. நிறம் பின்னர் வந்து வியப்பூட்டுவது. லூமியே சகோதரர்கள் 1907 இல் சந்தைக்குக் கொண்டுவந்த ஓட்டோகுரோம் தகட்டில், சாயமேற்றிய உருளைக்கிழங்கு மாப்பொருள் துகள்கள் நிறத்தைத் தந்தன. அதற்கு நீண்ட ஒளிபடுநேரம் வேண்டியிருந்தது. எனவே முதலாம் உலகப் போரின் ஓட்டோகுரோம் படங்களில் சண்டை இல்லை. இடிந்த சுவர்களும் அசையாமல் அமர்ந்திருக்கும் சிப்பாய்களும்தான் உண்டு. நூறாண்டு கழித்து, 2018 இல், பீற்றர் ஜக்சன் அப்போரின் பழைய படச்சுருள்களுக்கு நிறமூட்டி வெளியிட்டபோது அந்த மனிதர்கள் நம் காலத்தவர்போல் தோன்றினார்கள். அந்த நெருக்கம் உண்மையானது. ஆனால் அந்த நிறம், எவ்வளவு கவனமாகத் தேடித் தேர்ந்தாலும், பின்னால் வந்தவர்களின் ஊகம். கமெரா பதிந்த நிறத்துக்கும் கணினி இட்ட நிறத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டை நாம் கைவிடக்கூடாது.

எங்கள் வரலாற்றில் கறுப்பு வெள்ளையிலிருந்து வர்ணத்துக்கான மாற்றம் போரின் நடுவிலேயே நிகழ்ந்தது. 1983 ஜூலைத் தமிழர் எதிர்ப்பு வன்முறையின்போது கொழும்பு பொரளையில் சந்திரகுப்த அமரசிங்க எடுத்த, ஆடை களையப்பட்ட தமிழ் இளைஞரின் படம் நம் நினைவில் கறுப்பு வெள்ளையாகவே பதிந்திருக்கிறது. தொண்ணூறுகளில் வன்னி பொருளாதாரத் தடைக்குள் கிடந்தது. ரோர்ச்லைற் பற்றரிக்கே தடை இருந்த நிலத்தில் படம் எடுப்பதும் கழுவுவதும் எளிதல்ல. 2002 போர்நிறுத்தத்தின்பின் ஏ9 வீதி திறந்தது. கலர்ப் படமும் டிஜிற்றல் கமெராவும் வீடுகளுக்குள் வந்தன. கிளிநொச்சி 2009 ஜனவரி 2 இல் வீழ்ந்தபோது, அதன்பின் நடக்கப்போவது அனைத்தும் வர்ணத்தில்தான் பதிவாகும் என்பது தொழில்நுட்பத்தால் முடிவாகியிருந்தது.

யார் பதிவு செய்தார்கள் என்பதுதான் முக்கியம். 2008 செப்ரெம்பரில் ஐ.நா. நிறுவனங்கள் அரசின் உத்தரவின்பேரில் வன்னியை விட்டு வெளியேறின. சுயாதீன ஊடகவியலாளர்கள் உள்ளே விடப்படவில்லை. எஞ்சியவை உள்ளே அகப்பட்டவர்களின் கமெராக்கள், படையினரின் கைபேசிகள், வானிலிருந்து பார்த்த செய்மதிகள். இம்மூன்றின் நிறமும் ஒரே தன்மையுடையதன்று. அக்காலத்துக் குவிக்பேர்ட் செய்மதி கறுப்பு வெள்ளையில் ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் வரையிலும், நிறத்தில் 2.4 மீற்றர் வரையிலுமே பிரித்துக் காட்டவல்லது. இரண்டையும் கலந்தே கூர்மையான வர்ணப் படம் ஆக்கப்படும். அதாவது அந்த நிறத்துக்குள் ஒரு கணக்கீடு இருக்கிறது. என்றாலும், நந்திக்கடல் களப்புக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் தறப்பாள் கொட்டில்களை மணலிலிருந்து வேறுபடுத்த நிறம் உதவுகிறது. தறப்பாளின் நீலம் அந்த மணல் நிலத்தில் இயற்கையாக வேறெதற்கும் இல்லை.

கைபேசிப் படங்களின் நிலை இன்னும் சிக்கலானது. 2009 ஓகஸ்ற் 25 இல் பிரித்தானியாவின் சனல் 4 ஒளிபரப்பிய, கைகள் கட்டப்பட்டவர்கள் சுடப்படும் காணொளியை இலங்கை அரசு போலி என்று மறுத்தது. 2010 ஜனவரியில், ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன் மூன்று நிபுணர்களின் ஆய்வுகளை முன்வைத்து, அது உண்மையானதாகவே தோன்றுகிறது என்றார். அவ்வாறான காட்சிகளில் சீருடையின் பச்சை, மண்ணின் செம்மை, செடிகளின் பசுமை ஆகியவை இடத்தையும் பருவத்தையும் பற்றிப் பேசவல்லவை. மலிவான கைபேசிக் கமெரா நிறத்தைத் திரிக்கும் என்பதும் மெய்தான். அந்தத் திரிபும் கருவிக்குரிய ஒழுங்கோடு வருவதால், மூலக் கோப்பு கையிலிருந்தால் அதையும் கணக்கில் எடுக்கலாம். சாம்பல் நிறமாக்கிய பிரதியில் அந்த வாய்ப்பே இல்லை.

இந்த இடத்தில் நம்மவரிடையே உள்ள ஒரு வழக்கத்தை மறுத்துச் சொல்லவேண்டியிருக்கிறது. மே 18 நினைவேந்தற் சுவரொட்டிகளிலும் மலர்களிலும் முள்ளிவாய்க்காற் படங்கள் பல சாம்பல் நிறமாக்கி அச்சிடப்படுகின்றன. துக்கத்துக்கு அதுவே தகுந்தது என்ற எண்ணம் அதன் பின்னே இருக்கிறது. குருதியின் சிவப்பைப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்ற தயக்கமும் இருக்கிறது. அந்தத் தயக்கம் மதிப்புக்குரியது. அதற்குத் தீர்வு எந்தப் படத்தைக் காட்டுவது என்ற தெரிவில் இருக்கிறது. சிதைந்த உடலைக் காட்டாமல் சேலை மூட்டையைக் காட்டலாம். நிறத்தை வடித்துவிடும்போது 2009 ஆம் ஆண்டு முதலாம் உலகப் போர்க் காலத்தின் தோற்றத்தைப் பெறுகிறது. விசாரணை முடியாத ஒன்று, முடிந்துபோன வரலாறாகத் தெரியத் தொடங்குகிறது. நம் துக்கம் நம்மை அறியாமலே மறுப்பவர்களின் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

2023 ஜூன் இறுதியில், முல்லைத்தீவு மாவட்டம் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்க வெட்டியபோது மனிதப் புதைகுழி ஒன்று வெளிப்பட்டது. தொடர்ந்த அகழ்வில் 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. எலும்புகளோடு துணியும் வந்தது. எலும்பைக் கொண்டு வயதையும் பாலையும் மதிப்பிடலாம். துணியைக் கண்டு ஒரு தாய், இது என் பிள்ளை உடுத்தியிருந்தது என்று சொல்லக்கூடும். அப்படிச் சொல்லும்போது அவளுக்குத் துணையாக இருக்கக்கூடியது வீட்டிலுள்ள ஒரு வர்ணப் படம்.

அந்தப் படங்கள் எங்கே இருக்கின்றன? காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 இல் தொடங்கிய போராட்டத்திலிருந்து, வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் தாய்மாரின் கைகளில் இருக்கின்றன. ஸ்ரூடியோவின் நீலத் திரைக்கு முன் நிற்கும் பெடியன், பள்ளிச் சீருடையில் பிள்ளை, கலியாண வீட்டில் எடுத்த கூட்டப் படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கிய முகம். லமினேற் உறைக்குள் ஈரம் புகுந்து ஓரம் வெளுக்கிறது. வர்ண அச்சின் சாயங்கள் எல்லாம் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. வெயிலில் ஒன்று முந்திப் போக முகம் ஒரு பக்கமாக நிறம் சாய்கிறது. சட்டையின் நிறம் இன்னதென்று சொல்ல முடியாமற் போகிறது. மூலப் படமும் நெகற்றிவ்வும் பல வீடுகளில் இடப்பெயர்வோடு போய்விட்டன. கையிலுள்ள அந்த ஒரே பிரதியை, நிற அளவைப் பட்டையோடு சேர்த்து உயர்தரத்தில் வருடி எடுத்து வைக்கும் வேலையை யாழ்ப்பாண, வவுனியாப் பல்கலைக்கழகங்களின் துறைகள் ஊர் ஊராகச் சென்று செய்யலாம். தேவைப்படுவது ஒரு வருடியும் ஒரு மடிக்கணினியும், ஒவ்வொரு தாயிடமும் அந்தச் சட்டை என்ன நிறம் என்று கேட்டு எழுதிக்கொள்ளும் பொறுமையும். பதில் தெரிந்த தாய்மார் பலர் இந்த ஆண்டுகளுக்குள் காலமாகிவிட்டார்கள்.