பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டிய கதை

தமிழில் நாம் எல்லாவற்றையும் பாட்டரி என்றே சொல்லிவிடுகிறோம். டார்ச் லைட்டில் போடும் கட்டையும் பாட்டரி, இன்வர்ட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஐம்பது கிலோ பெட்டியும் பாட்டரி, செல்போனுக்குள் இருக்கும் மெல்லிய பட்டையும் பாட்டரி. பிரெஞ்சில் படித்த எங்களுக்கு வாத்தியார் இதைப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தார். தீர்ந்தால் தூக்கிப் போடுவது 'பீல்'. மறுபடி மின்சாரம் ஏற்றிக்கொள்வது 'அக்யுமுலாத்தர்', சுருக்கமாக 'அக்யு'. ஒன்றைச் சொல்ல வேண்டிய இடத்தில் மற்றதைச் சொன்னால் மதிப்பெண் போய்விடும்.

பீல் என்றால் அடுக்கு. 1800-இல் வோல்டா வெள்ளித் தட்டு, துத்தநாகத் தட்டு, நடுவில் உப்புநீரில் நனைத்த அட்டை என்று மாற்றி மாற்றி அடுக்கினார் அல்லவா, அந்த அடுக்குதான். அவர் இத்தாலியர். செய்தியை அறிவித்தது லண்டன் ராயல் சொசைட்டிக்கு. ஆனால் கடிதத்தை எழுதியது பிரெஞ்சில். அடுத்த வருஷமே பாரிசுக்குப் போய் நெப்போலியன் முன்னால் செய்து காட்டினார். 'பாட்டரி' என்பதோ பீரங்கி வரிசைக்குப் பெயர். பெஞ்சமின் பிராங்க்ளின் மின்சாரம் சேர்க்கும் கண்ணாடி ஜாடிகளை வரிசையாக இணைத்தபோது அந்தப் பெயரை இரவல் வாங்கினார்.

இன்று எழுத வந்தது அக்யுவைப் பற்றி. அதற்குக் காரணம் என் மேசைமேல் இருக்கும் ஒரு கறுப்புப் பெட்டி. பேரன் ரிமோட்டில் பறக்கும் சிறு விமானங்கள் செய்கிறவன். விடுதிக்குப் போகும்போது தன் சார்ஜரையும் ஐந்தாறு பாட்டரிகளையும் "தாத்தா, நீங்க பாத்துக்கோங்க" என்று ஒப்படைத்துவிட்டுப் போனான். கைக்கு அடக்கமான பெட்டி. சின்னத் திரை, நான்கு பொத்தான், பின்னால் ஒரு விசிறி. செல்போன் சார்ஜர் போல மாட்டிவிட்டு மறந்துவிட முடியாது. முதலில் நம்மைக் கேள்வி கேட்கும். நீ மாட்டியிருப்பது எந்த வகை? உள்ளே எத்தனை செல்? எத்தனை ஆம்பியர் கொடுக்கட்டும்? எல்லாவற்றுக்கும் பதில் சொன்னால்தான் வேலை தொடங்கும். நாற்பது வருஷம் படிவம் நிரப்பச் சொல்லி மற்றவர்களை வாட்டிய எனக்கு இது சரியான தண்டனை.

அதில் முதல் கேள்விக்கு வரும் பட்டியலைப் பாருங்கள். லிப்போ, லி-அயன், லைஃப், நிக்கல் மெட்டல் ஹைட்ரைட், நிக்கல் காட்மியம், கடைசியில் ஈயம். கீழிருந்து மேலே படித்தால் நூற்று அறுபது வருஷத்துச் சரித்திரம்.

ஈயம் 1859-இல் தொடங்குகிறது. காஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர் இரண்டு ஈயத் தகடுகளை ஒன்றையொன்று தொடாதபடி பாய்போலச் சுருட்டிக் கந்தக அமிலத்தில் நிறுத்தினார். (இவருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பாரிசுக்குப் பக்கத்தில் அழிந்துபோன ராட்சதப் பறவை ஒன்றின் எலும்பைக் கண்டெடுத்தார். 'காஸ்தோர்னிஸ்' என்று அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள்.) அப்போது மின்சாரம் உற்பத்தி செய்யும் டைனமோ இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை. ஆகவே அக்யுவுக்கு மின்சாரம் ஊட்ட அவரிடம் இருந்தது பீல்தான். தகடுகள் பதமாக வேண்டுமென்றால் ஏற்றி, இறக்கி, திசை மாற்றி ஏற்றி என்று மாதக்கணக்கில் செய்ய வேண்டியிருந்தது. 1881-இல் கமீல் ஃபோர் ஈய ஆக்ஸைடைப் பசையாக்கித் தகட்டில் பூசி அந்தக் காத்திருப்பைக் குறைத்தார். அதே வருஷம் பாரிசில் சார்ஜ் செய்த ஃபோர் பாட்டரிகளை ஒரு பெட்டியில் வைத்து கிளாஸ்கோவில் இருந்த வில்லியம் தாம்சனிடம், பிற்பாடு கெல்வின் பிரபு ஆனவரிடம், கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மின்சாரம் பெட்டியில் அடைபட்டுக் கடல் தாண்டிப் போகும் என்பது அந்தக் காலத்துக்குப் பெரிய அதிசயம். 1899 ஏப்ரலில் பாரிசுக்கு அருகே ஒரு மின்சாரக் கார் மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டியது. சாலையில் ஓடும் வண்டி எதுவும் அதற்குமுன் அந்த வேகம் போனதில்லை. அதுவும் ஈய பாட்டரியில்தான். காரின் பெயர் 'லா ஷமே கோந்தாந்த்', என்றைக்கும் திருப்திப்படாதவள்.

நம் வயதுக்காரர்களுக்கு இந்த ஈய பாட்டரி சொந்தக்காரர் மாதிரி. பாட்டரி சார்ஜ் போடும் கடைகள் ஞாபகம் இருக்கும். லாரி பாட்டரிகளை வரிசையாக மாட்டி, ராத்திரி முழுக்க விட்டிருப்பார்கள். மூடியைத் திறந்தால் சோடாபோலக் குமிழி விடும், மூக்கில் அமில நெடி ஏறும். காலையில் கடைக்காரர் ஹைட்ரோமீட்டரை விட்டு உறிஞ்சிப் பார்ப்பார். மிதவை உயரே நின்றால் ஏறிவிட்டது என்று அர்த்தம். குறைந்த தண்ணீருக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக் கொடுத்துவிடுவார். அந்தக் குமிழியில்தான் விஷயம் இருக்கிறது. பாட்டரி நிரம்பிய பிறகும் மின்சாரம் வந்துகொண்டிருந்தால், மிச்ச மின்சாரத்துக்கு அங்கே ஒரு வேலை உண்டு: தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிப்பது. தகடு கொஞ்சம் தேயும், தண்ணீர் குறையும். ஜன்னலைத் திறந்து வைத்து, பீடி பற்றவைக்காமல் இருந்தால் போதும். ஈயம் பொறுமைசாலி.

நிக்கல் காட்மியம் சுவீடன்காரர் யுங்னர் 1899-இல் கண்டுபிடித்தது. கம்பியில்லாத டெலிபோன், முகச்சவர மெஷின் என்று நம் வீட்டுக்குள் வந்தது பிற்பாடு. இதுவும் கொஞ்சம் கூடுதலாக ஏறினால் சூடாகுமே தவிரப் பெரிதாகக் கோபித்துக்கொள்ளாது. பாதியில் சார்ஜ் போட்டால் 'ஞாபகம்' பிடித்துக்கொள்ளும், முழுக்கத் தீர்த்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று சொல்வார்களே, அந்த உபதேசம் இதற்கு உரியது.

ராத்திரி முழுக்கப் போட்டு வை, முழுக்கத் தீர்ந்தபின் போடு. நம் கையில் இருக்கும் பாட்டரி சாஸ்திரம் இந்த இரண்டு வரிதான். இரண்டுமே லிதியத்துக்கு ஆகாது. நம் வயதுக்காரர்கள் வீட்டிலும் செல்போன், காது மெஷின், ஸ்கூட்டர் என்று லிதியம் நுழைந்துவிட்டதால்தான் இதை இத்தனை விரிவாக எழுதுகிறேன்.

லிதியத்தின் கதை எழுபதுகளில் அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியான எக்ஸானில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் செய்த ஆராய்ச்சியில் தொடங்குகிறது. அதில் ஒரு பக்கம் லிதிய உலோகமாகவே இருந்தது. மறுபடி மறுபடி சார்ஜ் ஏற்றினால் அந்த உலோகம் முள்முள்ளாக வளர்ந்து எதிர்ப்பக்கத்தைத் தொட்டுவிடும். உடனே ஷார்ட், தீ. லிதிய உலோகத்தையே வைத்து கனடாவின் மோலி எனர்ஜி கம்பெனி செய்த பாட்டரிகள் ஜப்பானில் செல்போன்களில் தீப்பிடித்து, 1989-இல் திரும்பப் பெறப்பட்டன. அதற்கு முன்பே ஒரு மாற்று யோசனை உருவாகியிருந்தது. 1980-இல் ஆக்ஸ்போர்டில் குட்இனஃப் குழு கோபால்ட் ஆக்ஸைடு அடுக்குகளுக்குள் லிதியத்தை வைத்து நான்கு வோல்ட் எடுத்தது. அதே சமயத்தை ஒட்டி பிரான்சில் கிரெனோபிள் நகரத்தில் ரஷீத் யாசமி, மறுபக்கத்தில் உலோகத்துக்குப் பதில் கிராஃபைட் அடுக்குக்குள் லிதியம் போய்த் திரும்பி வரும் என்று காட்டினார். இரண்டு பக்கமும் தங்குமிடம், நடுவில் லிதியம் ஆடும் நாற்காலிபோலப் போய்வரும். 1985-இல் ஜப்பானில் அகிரா யோஷினோ இந்த வழியில் முழு பாட்டரி செய்தார். பிறகு அதன்மேல் இரும்புக் குண்டைப் போட்டு நசுக்கி, தீப்பிடிக்கவில்லை என்று பார்த்துக்கொண்டார். 1991-இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2019-இல் நோபல் பரிசு விட்டிங்ஹாம், குட்இனஃப், யோஷினோ மூவருக்கும் போனது. ஒரு பரிசை மூன்று பேருக்குமேல் பகிர விதி இடம் தராது. விதி விதிதான், ஆனாலும் யாசமி விடுபட்டதில் எனக்கு மனசு ஆறவில்லை.

நம் சார்ஜருக்கு வருவோம். லிதிய செல்லை 4.2 வோல்ட் வரை ஏற்றலாம். அந்த அளவில் கோபால்ட் பக்கத்திலிருந்து ஏறக்குறைய பாதி லிதியம்தான் வெளியேறியிருக்கும். மீதிப் பாதி அங்கே தூண்போல நின்று அடுக்கைத் தாங்குகிறது. அதையும் இழுத்தால் அடுக்கு குலையும், ஆக்சிஜன் வெளிவரும், எதிர்ப்பக்கத்தில் உலோக லிதியம் படியும். உள்ளே இருக்கும் திரவமோ எரியக்கூடியது. பிரித்துவிட்டுப் போகத் தண்ணீர் அங்கே ஒரு சொட்டுகூட இல்லை. ஆகவே மிச்ச மின்சாரத்துக்குச் செய்வதற்கு நல்ல வேலை எதுவும் கிடையாது.

அதனால்தான் இந்தச் சார்ஜர் இரண்டு கட்டமாக வேலை செய்கிறது. 2200 மில்லி ஆம்பியர்-மணி பாட்டரி என்றால் 2.2 ஆம்பியர் என்று நான் குறிப்பேன். 4.2 வோல்ட் வரும்வரை அந்த அளவில் கொடுக்கும். வந்த பிறகு வோல்ட்டை அங்கேயே பிடித்துக்கொண்டு, மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கடைசியில் தானே நிறுத்திவிடும். மூன்று செல் பாட்டரியில் தடித்த வயர் இரண்டைத் தவிர நான்கு மெல்லிய வயர் தனியாக வரும். அதையும் மாட்டினால் ஒவ்வொரு செல்லின் வோல்ட்டும் திரையில் தெரியும். ஒன்று முந்திக்கொண்டு ஏறினால் அதை மட்டும் கொஞ்சம் வடித்து மற்ற இரண்டோடு சமன் செய்யும்.

போன மாதம் காப்பிக்கு வந்த நண்பர், இன்வர்ட்டர் வைத்திருப்பவர், இந்த மூன்று செல் பாட்டரியைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இதும் பன்னண்டு வோல்ட் கணக்குதானே சார்? நம்ம ஈய பாட்டரி சார்ஜர்ல போட்டா என்ன?" என்றார். காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஈய பாட்டரியை நிரப்ப அந்தச் சார்ஜர் 14.4 வோல்ட் வரை போகும். மூன்றால் வகுத்தால் செல்லுக்கு 4.8. செல்போன் பாட்டரிக்குள் காவல் சர்க்யூட் ஒன்று இருக்கும். விமானப் பாட்டரியில் அதுவும் இல்லை. என் கறுப்புப் பெட்டியிலும் லிப்போ என்று குறிக்க வேண்டிய இடத்தில் ஈயம் என்று குறித்தால் இதே கதிதான். நண்பர் பாட்டரியை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

அடியோடு தீர்ப்பதும் இப்படித்தான். செல் மூன்று வோல்ட்டுக்குக் கீழே போனால் கெடத் தொடங்கும். மிகவும் இறங்கினால் உள்ளே செம்புத் தகடு கரையும். அதற்குமேல் சார்ஜ் ஏற்றுவது ஆபத்து. பேரனின் பாட்டரிகளை நான் முழுக்க நிரப்பியும் வைப்பதில்லை, காலியாகவும் விடுவதில்லை. சார்ஜரில் 'ஸ்டோரேஜ்' என்று ஒரு வேலை இருக்கிறது. ஏறியிருந்தால் இறக்கி, இறங்கியிருந்தால் ஏற்றி, செல்லுக்கு 3.8 வோல்ட்டில் கொண்டுவந்து நிறுத்தும். சார்ஜ் போடுவது மெத்தை, திரைச்சீலை எதுவும் பக்கத்தில் இல்லாத சிமெண்ட் தரையில். பேப்பர் படித்துக்கொண்டு நானும் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். பாட்டரி அப்பளம்போல உப்பியிருந்தால் சார்ஜரில் மாட்டுவதே கிடையாது. அப்படி உப்பிய ஒன்று இப்போது மொட்டைமாடியில், மணல் நிரப்பிய மண்சட்டியில் தனியாக இருக்கிறது. பேரன் தீபாவளிக்கு வரும்போது எங்கே கொடுக்க வேண்டுமோ அங்கே கொண்டுபோய்க் கொடுப்பான்.

டார்ச் லைட்டுக் கட்டையைத் தந்த லெக்லான்ஷே என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் இருக்கிறார். அவர் பீல் கட்சி. அவரைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன்.