ஈயச் சீலும் குடவோலையும்

பழைய லாரிகளின் டீசல் பம்பில் ஒரு சின்னத் திருகு உண்டு. அதன் தலையில் கம்பி கோத்து ஈயத்தால் சீல் வைத்திருப்பார்கள். முழு வேகத்தில் எஞ்சினுக்கு அதிகபட்சம் எவ்வளவு டீசல் போகலாம் என்பதை முடிவு செய்வது அந்தத் திருகுதான். சீலை அறுத்துத் திருகைக் கொஞ்சம் நகர்த்தினால் இழுவை கூடும், கூடவே கரும்புகையும் வரும். நம் ஊர் லாரிகளை 'ஏத்தி விட்ட' வரலாறு அந்த ஈயத்துண்டிலிருந்து தொடங்குகிறது.

எங்க ஊர் திருப்புலிவனம். உத்திரமேரூருக்குப் பக்கம். இந்த வட்டாரத்தில் கல்குவாரியும் கிரஷரும் அதிகம். ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள் விடிவதற்கு முன்பே சாலையில் இறங்கிவிடும். நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். என் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இந்த டிப்பர்களை நம்பி இருக்கிறார்கள். லீவுக்கு ஊருக்குப் போனால் பேச்சு எப்படியும் 'பம்பு வண்டி'யில் தொடங்கி 'சென்சார் வண்டி'யில் முடியும். பழசு, புதுசு என்று இவர்கள் பிரிப்பது அப்படித்தான். இந்தப் பிரிவினைக்குள் எழுபது வருஷ வரலாறு இருக்கிறது.

1954-இல் டாடா, ஜெர்மனியின் பென்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரிக்கத் தொடங்கியது. 1955-இல் சென்னை எண்ணூரின் அசோக் மோட்டார்ஸ், பிரிட்டனின் லேலண்டோடு கைகோத்து அசோக் லேலண்ட் ஆனது. 1951-இல் தொடங்கப்பட்ட மைக்கோ, தன் பெங்களூர் ஆலையில் டீசல் பம்பும் நாசிலும் செய்தது. இன்றும் பட்டறைகளில் பம்பு என்றால் பலருக்கு மைக்கோ பம்புதான். அந்தக் கால லாரிகளின் திறன் ஏறத்தாழ 110 குதிரைத்திறன். அதில் சட்டம் அனுமதித்த எடையையே மெதுவாகத்தான் இழுக்க முடியும். ஆனால் சட்டம் அனுமதித்த எடையோடு எந்த லாரி போனது? அளவுக்கு மேல் ஏற்றினால்தான் டியூ கட்ட முடியும், அளவுக்கு மேல் ஏற்றினால் மேட்டில் வண்டி திணறும். பம்பு மெக்கானிக் என்கிற தனித்தொழில் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வளர்ந்தது.

அவர் செய்தது பெரிய மந்திரம் இல்லை. ஒன்று, திருகை நகர்த்தி டீசலைக் கூட்டுவது. உள்ளே போகிற காற்று அதே அளவுதான் என்பதால் மிச்சமான டீசல் சரியாக எரியாமல் கரியாக வெளியேறும். ரொம்பவும் கூட்டினால் பிஸ்டன் உருகும். இரண்டு, டைமிங்கை முன்னால் தள்ளுவது, அதாவது டீசலைச் சற்று முன்கூட்டியே பீய்ச்ச வைப்பது. மைலேஜ் ஏறும். ஆனால் எரியும் வெப்பமும் ஏறுவதால், காற்றிலுள்ள நைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் அதிகமாக உண்டாகும்.

முதல் திருட்டு கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது தெரியாது. இதற்குப் பிறகு நடந்த எல்லாமே இந்த வித்தியாசத்தைச் சுற்றித்தான் நடந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

சட்டம் முதலில் கண்ணுக்குத் தெரிந்ததைப் பிடித்தது. 1989-இன் மத்திய மோட்டார் வாகன விதிகள் ஓடுகிற வண்டிகளின் புகைக்கு வரம்பு வைத்தன. 1992-இல் புதிய டீசல் வண்டிகளுக்கான உமிழ்வு வரம்பு வந்தது. 2000 ஏப்ரலில் 'இந்தியா 2000' விதி. அதற்குப் பிறகு பி.எஸ்.2, பி.எஸ்.3. 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்.4. அதற்கு மூன்று நாள் முன்னால், மார்ச் 29 அன்று, கையிருப்பிலுள்ள பி.எஸ்.3 வண்டிகளையும் இனி விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பி.எஸ்.5-ஐத் தாண்டி 2020 ஏப்ரல் 1-இல் நேராக பி.எஸ்.6. எண்ணாகச் சொன்னால், 2000-இல் கனரக டீசல் எஞ்சின் ஒரு கிலோவாட்-மணிக்கு 8 கிராம் நைட்ரஜன் ஆக்சைடு விடலாம். 2020-இல் 0.4 கிராம். இருபது வருஷத்தில் இருபதில் ஒரு பங்கு.

திருகையும் ஸ்பேனரையும் வைத்து இந்த எண்ணை எட்ட முடியாது. ஆகவே பம்பின் வேலையை கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. எவ்வளவு டீசல், எந்த நொடியில் என்பதெல்லாம் இ.சி.யு. என்கிற பெட்டிக்குள் அட்டவணைகளாகப் போய்விட்டன. மெக்கானிக்கின் திருகு என் தொழிலுக்குள் வந்து சேர்ந்தது. கூடவே புகைக்குழாயில் ஒரு சின்ன ரசாயன ஆலையும் வந்தது. யூரியாக் கரைசலைப் பீய்ச்சினால் அது அம்மோனியாவாகி, நைட்ரஜன் ஆக்சைடை வெறும் நைட்ரஜனாகவும் தண்ணீராகவும் மாற்றும். கரைசல் தீர்ந்தால் இ.சி.யு. எஞ்சின் திறனைக் குறைத்துவிடும். "வண்டி இழுக்கவே மாட்டேங்குதுடா, வேணும்னே படுத்துக்குது" என்பார் ஒரு மாமா. அவர் சொல்வது சரிதான். வேண்டுமென்றேதான் படுக்கிறது, அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

இதற்கும் மாற்று வந்தது. சென்சாருக்குப் பதிலாகப் பேசும் ஒரு சின்னப் பெட்டி. டேங்க் காலியாக இருந்தாலும் 'கரைசல் இருக்கிறது, புகை சுத்தமாக இருக்கிறது' என்று இ.சி.யு.விடம் அது சொல்லிக்கொண்டே இருக்கும். எங்கள் தொழிலில் இதை மாக் என்போம், சோதனைக்காக எழுதும் பொய்யான பதில். நாங்கள் அதைச் சோதனை முடிந்ததும் கழற்றிவிடுவோம். லாரியில் அதோடுதான் ஓட்டம். இன்னும் துணிந்தவர்கள் இ.சி.யு.வின் அட்டவணையையே மாற்றி எழுதிவிடுவார்கள்.

சட்டம் இதைத் தடுக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைத்தால் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆனால் பிடிப்பது எப்படி? டீசல் வண்டிக்கான புகைச் சான்றிதழ்ச் சோதனை, புகை எவ்வளவு அடர்த்தி என்றுதான் பார்க்கிறது. நைட்ரஜன் ஆக்சைடை அது அளப்பதே இல்லை. யூரியாவை ஏமாற்றுகிற வண்டி அந்தச் சோதனையில் சுகமாகப் பாஸ் ஆகும். கரும்புகைக் காலத்தில் தெருவில் நிற்கும் யாரும் திருட்டைப் பார்த்துவிடலாம். இப்போது மூச்சுக்குழல் மட்டும்தான் சாட்சி.

டிப்பர்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. பி.எஸ்.6 வண்டியில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. சேர்ந்த கரி தானாக எரிய, புகை நல்ல சூட்டில் தொடர்ந்து போக வேண்டும். நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஓடும் லாரிக்கு அது நடக்கும். குவாரிக்கும் கிரஷருக்கும் நடுவே குட்டி நடை அடித்து, மிச்ச நேரம் வரிசையில் நின்று உறுமுகிற வண்டிக்கு அந்தச் சூடு கிடைப்பது கஷ்டம். வடிகட்டி அடைக்கும், விளக்கு எரியும், வண்டி படுக்கும். அதைத் திறந்து பார்க்க உள்ளூர் பட்டறையில் கருவியும் இல்லை, அனுமதியும் இல்லை. ஒரு நாள் நின்றால் ஒரு நாள் டியூ போச்சு. அப்போதுதான் 'அதை எடுத்து விட்டுடுங்க' என்கிற குரல் வருகிறது.

கம்பெனி சீல் போட்டால் அது நேர்மை என்று நம்பவும் வரலாறு விடுவதில்லை. 1998-இல் அமெரிக்காவில் ஏழு டீசல் எஞ்சின் கம்பெனிகள் மொத்தமாகச் சிக்கின. அரசு சோதனையில் ஒழுங்காக நடந்து, நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது மைலேஜுக்காக டைமிங்கை மாற்றும்படி மென்பொருள் எழுதியிருந்தார்கள். ஏறத்தாழ 13 லட்சம் எஞ்சின்கள். நம் பம்பு மெக்கானிக் ஸ்பேனரால் செய்த அதே வேலை. 2015-இல் வோக்ஸ்வேகன் கார்களும் இதே மாதிரி மாட்டின. 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்த நிறுவனத்துக்கு 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆக, மூடிய பெட்டிக்குள் ஏமாற்றுவது பட்டறைக்காரர் கண்டுபிடித்த வித்தை ஒன்றும் இல்லை.

மூடிய பெட்டி என்றதும் எனக்கு உத்திரமேரூர் கல்வெட்டு ஞாபகம் வரும். முதலாம் பராந்தகன் காலத்து குடவோலை விதிகள். பாடப்புத்தகம் அதை ஜனநாயகத்தின் தாய் என்று சொல்லித் தந்தது. நிலமும் வேதப் படிப்பும் உள்ள பிராமண ஆண்கள் மட்டுமே போட்டியிட முடிந்த சபை அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் ஒரு பொறியாளராக அதைப் படித்தால், அந்தக் கல்வெட்டு முழுக்க ஏமாற்றைத் தடுக்கும் யோசனைதான். குடத்தை எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே என்ன என்று அறியாத சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவர் வாசித்த பிறகு மற்றவர்களும் வாசிக்க வேண்டும். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரையும், அவருடைய உறவினர் பெயரையும் ஓலையில் எழுதவே கூடாது. 919-இல் எழுதிய விதியை 921-இல் திருத்தி மறுபடியும் பொறித்திருக்கிறார்கள். எழுதிய விதி போதவில்லை என்று இரண்டே வருஷத்தில் ஒப்புக்கொண்ட சபை அது.

அங்கே யாரும் குடத்துக்குச் சீல் வைத்துவிட்டு 'நம்புங்க' என்று சொல்லவில்லை. இன்று நாம் லாரிக்குச் செய்திருப்பது அதைத்தான். பெட்டியை மூடினோம், மூடியவரை நம்பச் சொன்னோம், திறந்தவருக்கு அபராதம் போட்டோம். வெளியே வருகிற காற்றை மட்டும் அளக்காமல் விட்டோம். சாலையோரத்தில் நைட்ரஜன் ஆக்சைடை அளக்கும் கருவியும், உள்ளூர் பட்டறைக்காரர் முறையாகப் படித்து இ.சி.யு.வைத் திறந்து வாசிக்கும் உரிமையும் சேர்ந்தே வர வேண்டும். ஒன்று மட்டும் வந்தால் இன்னொரு பக்கம் ஏமாற்று தொடரும்.

மாமாவிடம் இதைச் சொன்னேன். "எல்லா வண்டியையும் அளந்தா நானும் யூரியா ஊத்துறேன். என் வண்டியை மட்டும் அளந்தா எப்படி?" என்றார். பதினோரு நூற்றாண்டுக்கு முன்னால் குடத்தைத் தூக்கிக் காட்டச் சொன்னவர்களும் இதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.