அப்பச்சி பார்வைக்கு

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய பொருட்கள் விற்கும் கடைகளுக்குப் போனவர்களுக்குத் தெரியும். எனாமல் தூக்குச்சட்டி, பித்தளை விளக்கு, மரப்பெட்டி என்று அடுக்கியிருப்பதற்கு நடுவே ஏதாவது ஒரு மூலையில் பழைய போட்டோக்கள் குவிந்து கிடக்கும். போன பொங்கல் விடுமுறையில் அப்படி ஒரு குவியலைக் கிளறிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரர், "சட்டத்துக்குத்தான் சார் விலை, பர்மா தேக்கு. உள்ள இருக்குற படத்துக்கு யாரு காசு குடுக்குறா?" என்றார்.

சட்டம் இல்லாத ஒரு படத்தை எடுத்துக்கொண்டேன். தபால் கார்டு அளவு. தலையணையில் சாய்த்து உட்கார வைக்கப்பட்ட ஒரு ஆண் குழந்தை. நெற்றியில் பெரிய மைப்பொட்டு, கன்னத்தில் இன்னொன்று, இடுப்பில் அரைஞாண். அவ்வளவுதான் உடை. நான்கு மூலையிலும் குண்டூசி குத்திய ஓட்டைகள். பின்பக்கம் மங்கிய மையில் மூன்று வரி:

"அப்பச்சி பார்வைக்கு. தாது வருஷம் ஐப்பசி மாதம். வயது மாதம் 7."

தாது வருஷம் என்றதும் பெரும் பஞ்சம் வந்த 1876 ஞாபகத்துக்கு வரலாம். ஆனால் அந்தக் காலத்தில் தபால் கார்டுத் தாளில் போட்டோ அச்சிடும் வழக்கமே கிடையாது. ஆக, இது அடுத்த சுற்றில் வந்த தாது. 1936 அக்டோபர், நவம்பர்.

வீட்டுக்கு வந்தபிறகு இரண்டு கேள்விகள் விடவில்லை. மாதம், வருஷம், வயது எல்லாம் எழுதியவர் பிள்ளையின் பெயரை ஏன் எழுதவில்லை? பிறந்த உடனே எடுக்காமல் ஏழு மாதம் ஏன் காத்திருந்தார்கள்?

முதல் கேள்விக்கு விடை "அப்பச்சி" என்ற சொல்லிலேயே இருக்கிறது. நகரத்தார் வீடுகளில் அப்பச்சி என்றால் அப்பா. பர்மா, இலங்கை, மலேயா, சைகோன் என்று வட்டித்தொழிலுக்குப் போவதை "கொண்டு விக்கப் போறது" என்பார்கள். பெரும்பாலும் மூன்று வருஷக் கணக்கு. மனைவியை ஊரில் விட்டுவிட்டு ஏஜெண்டாகப் போகிறவர் கணக்கு முடித்துத்தான் திரும்புவார். 1930 வாக்கில் பர்மாவில் மட்டும் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாக அங்கே அமைத்த வங்கி விசாரணைக் குழு கணக்கிட்டிருக்கிறது. கப்பல் ஏறும்போது மனைவி மாசமாக இருந்தால், திரும்பி வரும்போது பிள்ளை நடந்து வந்து வாசலில் நின்று "யாரு இது?" என்று பார்க்கும்.

அந்த மூன்று வருஷத்துக்கு நடுவில் போய்ச் சேர்ந்தது இந்தப் படம். பெயர் எழுத வேண்டிய அவசியமே இல்லை. பெயர் அப்பச்சிக்குத் தெரியும். பிள்ளைக்குத் தாத்தா பெயரை வைப்பதுதான் வழக்கம். அவருக்குத் தெரியாதது பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பது மட்டும்தான். அதனால்தான் மாதமும் வயதும். அந்தக் குண்டூசி ஓட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கிட்டங்கிச் சுவர் கண்ணில் படுகிறது. பகலில் கணக்குப்பெட்டியும் இரவில் பாயுமாகப் பல ஏஜெண்டுகள் சேர்ந்து வாழ்ந்த அந்த நீளமான கூடத்தில், ஒருவருக்குச் சொந்தமான சுவர் என்பது தலைக்கு மேலே இரண்டு சாண்தான் இருந்திருக்கும்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் தொழில்நுட்பக் காரணம் தேடினேன். இன்ஜினியர் புத்தி. 1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி இந்தப் பக்கம் வந்து திருமயம் கோட்டையைப் படம் எடுத்தார். காகித நெகட்டிவ், ஒளி பதிய நேரம் பிடிக்கும். கோட்டை அசையாது, பிள்ளை அசையும். அந்தக் காலத்து ஐரோப்பிய ஸ்டூடியோக்களில் அம்மா தலையோடு துணியைப் போர்த்திக்கொண்டு நாற்காலி மாதிரி உட்கார்ந்து, மடியில் பிள்ளையை அசையாமல் பிடித்துக்கொண்ட படங்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் 1880களில் உலர் தகடு பரவியதும் இந்தச் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிட்டது. 1936இல் கேமரா ஒரு தடையே இல்லை. செட்டிநாட்டுக்கு அது அந்நியமான பொருளும் இல்லை. பக்கத்துக் கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை படித்துவிட்டு, 1940இல் காந்தி பற்றிய ஆவணப்படத்தையே வெளியிட்டுவிட்டார்.

ஆக, தடை கேமராவில் இல்லை, வீட்டில் இருந்தது. தீட்டு கழியும்வரை தாயும் சேயும் வெளியே வரமாட்டார்கள். அதற்குப் பிறகும் "பச்சப்புள்ளய போட்டோ புடிக்காதீக, ஆயுசு கொறையும்" என்று தடுக்க வீட்டுக்கு ஒரு ஆயாவோ அப்பத்தாவோ இருந்தார்கள்.

இதை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், எண்ணிக்கையைப் பார்க்கும்வரை. 1930களில் பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 150க்கும் மேல் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. அதிலும் கணிசமான பங்கு முதல் சில வாரங்களில். இருக்குமா போய்விடுமா என்று தெரியாத ஒரு உயிரைப் படம் எடுத்துக் கடல் தாண்டி அனுப்புகிறீர்கள். கடிதம் போய்ச்சேரும் முன் பிள்ளை போய்விட்டால்? அந்தப் படத்தை அவர் சுவரில் வைத்துக்கொள்வாரா, பெட்டிக்குள் வைப்பாரா? காத்திருக்கச் சொன்ன ஆயாவுக்கு இந்தப் புள்ளிவிவரம் தெரியாது. ஆனால் எத்தனை தொட்டில் காலியானது என்று தெரியும்.

நம் இலக்கியமும் இதே கணக்கைத்தான் வைத்திருக்கிறது. பிள்ளைத்தமிழின் முதல் பருவம் காப்பு. தெய்வங்களைக் கூப்பிட்டுப் பிள்ளையைக் காக்கச் சொல்வது. அதைப் பாடுவது மூன்றாம் மாதத்தில். அதற்கு முந்தைய வாரங்களுக்குப் பாட்டு இல்லை. ஸ்டூடியோக்காரர்களுக்கு முன்பே புலவர்களும் காத்திருந்திருக்கிறார்கள்.

அப்படியானால் முதல் வாரங்களில் அப்பச்சிக்கு எது போனது? பிறந்த நேரம். தந்தியிலோ கடிதத்திலோ நாள், நட்சத்திரம், நாழிகை. பின்னாலேயே ஜாதகம். தன் பிள்ளையின் முதல் 'படமாக' அவர் பார்த்தது பன்னிரண்டு கட்டங்கள்தான். அதில் மூக்கு யார் மாதிரி என்று தெரியாது.

நம் கார்டில் இருக்கும் பிள்ளையின் அப்பச்சி ஊர் திரும்பியிருந்தால் நல்லது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்தது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. கப்பல் நின்றது, தபால் நின்றது. மூன்று வருஷக் கணக்கு எத்தனையோ பேருக்கு ஆறு, ஏழு என்று நீண்டது. அந்தச் சமயம் இந்தக் குழந்தைக்கு ஐந்து வயது முடிந்திருக்கும். கார்டு மட்டும் எப்படியோ ஊர் வந்து சேர்ந்திருக்கிறது.

இனி என் கதை, ஒரே ஒரு பத்தி. 2009இல் என் மகள் பிறந்தபோது நான் வேலை விஷயமாக வெளிநாட்டில் இருந்தேன். பிறந்த இருபதாவது நிமிஷம் மின்னஞ்சலில் படம் வந்தது. இணைய வேகம் குறைவு, படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. முதலில் தலைமுடி, அப்புறம் நெற்றி, மூடிய கண். மூக்கு வரும்வரை மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். என் அம்மா மூக்கு. 1936இன் அப்பச்சிக்கு ஏழு மாதம் ஆனது எனக்கு ஒன்றரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

தமிழ்நாட்டில் 2020 கணக்குப்படி ஆயிரத்துக்கு 13 குழந்தைகள்தான் முதல் ஆண்டில் இறக்கின்றன. பயம் குறைந்தது, படம் கூடியது. ஆனால் பயம் முழுசாகப் போய்விட்டதா? புதிதாகப் பிள்ளை பெற்ற உங்கள் உறவினர்களின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பாருங்கள். பாதம் இருக்கும். அப்பா விரலைப் பிடித்திருக்கும் பிஞ்சுக் கை இருக்கும். முகம் இருக்கும் இடத்தில் ஒரு சிவப்பு இதய எமோஜி இருக்கும். கன்னத்து மைப்பொட்டுக்கு இந்தக் காலத்து வடிவம் அதுதான்.

'பார்வை' என்ற ஒரே சொல்லைத்தான் நாம் இரண்டுக்கும் வைத்திருக்கிறோம். "பார்வைக்கு அனுப்பியிருக்கேன்" என்றாலும் அதுதான், "பார்வை பட்டுடும்" என்றாலும் அதுதான். அந்தக் கார்டை எழுதியவருக்கு யார் பார்வைக்கு என்பதில் சந்தேகமே இல்லை. ஸ்டேட்டஸ் போடும்போது நமக்கு அது தெரியாது. அதனால்தான் முகத்தை மூடுகிறோம்.

பெயர் விஷயத்தில் மட்டும் அவர்களும் நாமும் ஒரே தவறைச் செய்கிறோம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனமும் பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டமும் சேர்ந்து பழைய தமிழ் ஸ்டூடியோ படங்களை டிஜிட்டல் ஆக்கியிருக்கின்றன. படத்தைக் காப்பாற்றலாம், யாரும் எழுதி வைக்காத பெயரை எந்த ஸ்கேனரும் மீட்காது. என் மகளின் முதல் நாற்பது நாள் படங்கள் 640 ஃபைல்கள். எல்லாம் வெறும் எண்கள். கோப்புக்குள் தேதி இருக்கிறது, கேமரா மாடல் இருக்கிறது, ஃபிளாஷ் அடித்ததா என்பதுகூட இருக்கிறது. யார் என்பது இல்லை.

ஊரிலிருந்து வந்த வாரம், அந்த முதல் படத்தைத் தபால் கார்டு அளவில் பிரிண்ட் போட்டேன். பின்னால் பெயர், ஊர், தேதி, வயது நிமிஷம் 20 என்று எழுதினேன். யார் பார்வைக்கு என்று எழுத ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். அதை மகள் எழுதிக்கொள்ளட்டும்.