நீர் பார்த்துச் சொன்னவர்கள்

1776ஆம் ஆண்டில் இரண்டு ஆய்வுகள் அச்சேறின. ஒன்று, சுவீடனில் கோப்பிங் என்ற சிற்றூரில் மருந்துக்கடை நடத்திவந்த கார்ல் வில்ஹெல்ம் ஷீலே எழுதியது. மற்றது, இங்கிலாந்தில் லிவர்பூல் நகர மருத்துவர் மேத்யூ டாப்சன் எழுதியது. ஷீலே கண்டது யூரிக் அமிலம். டாப்சன் கண்டது சர்க்கரை. இருவருக்கும் அவை கிடைத்த இடம் ஒன்றுதான்: மனிதனின் சிறுநீர். இன்றைய ரத்தப் பரிசோதனைத் தாளில் பக்கத்துப் பக்கத்து வரிகளில் வரும் இரண்டும் மருத்துவ வரலாற்றிலும் ஒரே ஆண்டில் பிறந்தவை.

டாப்சனிடம் வந்த நோயாளிக்கு வயது 33. 1772 அக்டோபரில் மருத்துவமனையில் சேர்ந்தார். ஒரு நாளில் அவர் கழித்த நீர் 28 பைண்ட்; குடம் நிறையும் அளவு. அந்த நீரில் கொஞ்சத்தை எடுத்து, ஈரம் வற்றும்வரை காய்ச்சினார் டாப்சன். அடியில் தங்கியது ஒரு வெள்ளைக் கட்டி. விரலால் நொறுக்கினால் பொலபொலவென்று உதிர்ந்தது. நாட்டுச் சர்க்கரையின் மணம் வந்தது. நாவில் வைத்துப் பார்த்தார், சர்க்கரையேதான். அதோடு நிற்காமல், அந்த நோயாளியின் ரத்தத்தில் பிரிந்த தெளிநீரையும் சுவைத்தார். அதுவும் இனித்தது. இந்த இரண்டாவது சுவைதான் பெரிய செய்தி. சர்க்கரையைச் சிறுநீரகம் உண்டாக்கவில்லை, ரத்தத்தில் இருப்பதைத்தான் அது வெளியே தள்ளுகிறது என்று அவர் முடிவு கட்டியது இதை வைத்துத்தான்.

ஷீலே எடுத்துக்கொண்டது சிறுநீர்ப்பைக் கல். நீரில் கரைய மறுத்த அந்தக் கல், காரத்தில் கரைந்தது. நைட்ரிக் அமிலத்தில் கரைத்து வற்றவைத்தால் சிவப்பாக ஒரு படிவு நின்றது. அதே பொருள் கல் இல்லாதவர்களின் சிறுநீரிலும் இருந்தது. அப்படியானால் அது நோய் கொண்டுவந்து போட்ட அந்நியப் பொருளல்ல. எல்லா உடம்பிலும் ஓடுவது. இதைப் புரிந்துகொள்ள மருத்துவத்துக்கு மேலும் முக்கால் நூற்றாண்டு பிடித்தது.

ஆனால் நீர் பார்க்கும் தொழில் இவர்கள் இருவருக்கும் வெகு காலம் முந்தையது. தமிழ்நாட்டுச் சித்த மருத்துவர் நோயறியும் எண்வகைத் தேர்வில் மூத்திரமும் ஒன்று. விடியலில் பிடித்த நீரின் நிறம், எடை, நாற்றம், நுரை, எஞ்சல் ஆகியவற்றைப் பார்ப்பது நீர்க்குறி. பிறகு அந்த நீர் அசையாமல் இருக்கும்போது நல்லெண்ணெய் ஒரு சொட்டு விட்டு, அது எப்படிப் பரவுகிறது என்று கவனிப்பது நெய்க்குறி. பாம்புபோல் நீண்டால் வாதம். மோதிரம்போல் வளைந்தால் பித்தம். முத்துப்போல் நின்றால் கபம். தேரையர் பெயரால் வழங்கிவரும் முறை இது. வாத பித்த கபக் கணக்கை ஏற்காதவர்கூட ஒன்றை ஒப்புக்கொள்வார். எண்ணெய் பரவும் விதம் நீரின் மேற்பரப்பு இழுவிசையைப் பொறுத்தது. சிறுநீரில் என்ன கலந்திருக்கிறது என்பதற்கேற்ப அந்த விசை மாறும். கந்தகப் பொடியைத் தூவி, அது மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்த்துப் பித்த உப்பைக் கண்டுபிடிக்கும் ஹே பரிசோதனை நிற்பதும் இதே அடிப்படையில்தான். இனிக்கும் நீரில் எறும்பு மொய்ப்பதைச் சரகர், சுசுருதர் பெயரிலான மரபும் அறிந்திருந்தது.

ஐரோப்பாவில் இந்தத் தொழில் ஏறிய உயரமும் அதிகம், விழுந்த பள்ளமும் அதிகம். அடிப்புறம் உருண்ட கண்ணாடிக் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பவர் என்றுதான் இடைக்கால ஓவியங்கள் மருத்துவரைக் காட்டின. நிறங்களை வட்டமாக வரைந்த அட்டைகள் புழங்கின. நாளடைவில் நோயாளியைப் பார்க்காமலே, யாரோ கொண்டுவந்த குடுவையை மட்டும் பார்த்து நோயையும் ஆயுளையும் சொல்லும் ஆரூடமாக அது மாறிவிட்டது. 1637இல் தாமஸ் பிரையன் என்ற மருத்துவர் இந்த ஏமாற்றைத் தோலுரித்து ஒரு புத்தகமே எழுதினார். 1674இல் தாமஸ் வில்லிஸ் நீரிழிவுக்காரரின் நீர் தேன்போல் இனிக்கிறது என்று பதிந்தார். அந்த இனிப்பு எந்தப் பொருளுடையது என்று நிறுவ டாப்சன் வரவேண்டியிருந்தது.

யூரிக் அமிலம் சிறுநீரிலிருந்து ரத்தத்துக்கு வந்து சேர்ந்தது லண்டன் மருத்துவர் ஆல்ஃபிரட் பேரிங் கேரட்டின் கையால். கீல்வாதமாகிய கௌட் நோய்க்காரரின் ரத்தத்தில் அது கூடியிருப்பதை 1848இல் காட்டினார். ஆனால் அந்தச் சோதனைக்கு நிறைய ரத்தம் வேண்டும். 1854இல் அவர் சொன்ன மாற்றுவழி, எந்த ஊர் மருத்துவரும் வீட்டிலேயே செய்துவிடக் கூடியது. தட்டையான கண்ணாடிக் கிண்ணத்தில் ரத்தத்தின் தெளிநீரைக் கொஞ்சம் ஊற்றி, அசிட்டிக் அமிலம் சில துளி விட்டு, லினன் துணியிலிருந்து உருவிய ஓரிரண்டு நூலிழைகளை அதில் போட வேண்டும். தூசு படாத இடத்தில் ஒன்றரை நாள், இரண்டு நாள் அப்படியே விட்டால் தெளிநீர் உறைந்துவிடும். கௌட் இருந்தால், நூலைச் சுற்றிப் படிகங்கள் பிடித்திருப்பது உருப்பெருக்கியில் தெரியும். நூலில் கற்கண்டு பிடிப்பதுபோல என்று கேரட்டே ஒப்பிட்டார். பனங்கற்கண்டு நூலில் விளைவதைப் பார்த்தவருக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டியதில்லை. மனித ரத்தத்தில் ஒரு வேதிப்பொருளை அளவு பார்த்து நோயை உறுதிசெய்யும் வழக்கத்துக்கு இந்த நூலிழை முன்னோடி.

அந்தக் காலத்தில் கௌட் வலிக்குக் கைகண்ட மருந்து கோல்ச்சிகம் என்ற செடியின் கிழங்கு. அதன் சத்தான கோல்ச்சிசினை 1820இல் பெல்லத்தியேயும் கவாந்துவும் பிரித்தெடுத்தார்கள். அதே சத்து நம் செங்காந்தளிலும் இருக்கிறது. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பயிராகும் கொடி அது. பூவில் சூலகத் தண்டு ஒரு பக்கமாக மடங்கி மகரந்தத்தை விட்டு விலகி நிற்பதால், காலை வேளையில் பூப்பூவாகப் போய்க் கையாலேயே மகரந்தம் சேர்க்கிறார்கள். விளையும் விதை மருந்து ஆலைகளுக்குப் போகிறது. வலியை அடக்கும் இந்த மருந்து யூரிக் அமிலத்தைக் குறைக்காது. அந்த அமிலம் உடம்பில் உண்டாவதையே தடுக்க 1960களில் அலோபியூரினால் வரவேண்டியிருந்தது.

சர்க்கரையும் யூரிக் அமிலமும் போக, எலும்பின் சேதியும் சிறுநீர் வழியாகவே வந்தது. 1845இல் லண்டன் வணிகர் ஒருவர், வயது 45, எலும்பெல்லாம் வலி என்று படுத்துவிட்டார். வில்லியம் மக்கின்டயர் என்ற மருத்துவர் அவருடைய சிறுநீரைச் சூடாக்கிப் பார்த்தபோது அது விசித்திரமாக நடந்துகொண்டது. நைட்ரிக் அமிலம் சேர்த்து ஆறவிட்டால் கெட்டிப்பட்டது. திரும்பச் சூடாக்கினால் கரைந்தது. அந்தச் சிறுநீர் இருந்த சோதனைக் குழாய் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற வேதியியல் மருத்துவரிடம் போயிற்று. அதிலிருந்தது ஒரு புரதம் என்று அவர் கண்டார். 1846 புத்தாண்டு நாளில் நோயாளி இறந்தார். பிணப் பரிசோதனையில் விலா எலும்புகள் கத்தியால் அறுபடும் அளவுக்கு மென்மையாகிக் கிடந்தன. எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயை அறிய இன்றும் தேடும் பென்ஸ் ஜோன்ஸ் புரதத்தின் தொடக்கம் அந்தச் சோதனைக் குழாய்தான்.

இருபதாம் நூற்றாண்டில் நீர் பார்ப்பது வீட்டுக்கே வந்தது. அமெரிக்கர் ஸ்டான்லி பெனடிக்ட் உருவாக்கிய நீலக் கரைசல் 5 மில்லி, சிறுநீர் 8 சொட்டு, ஸ்பிரிட் விளக்கு ஒன்று. கொதித்ததும் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் சிவப்பானால் நிலைமை மோசம். இந்தியாவின் முதல் நீரிழிவுப் பிரிவு 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விஸ்வநாதன் முயற்சியால் தொடங்கியபோது, அங்கும் வீடுகளிலும் நம்பியிருந்த சோதனை இதுதான். ‘ஒரு பிளஸ், ரெண்டு பிளஸ்’ என்று தமிழ்க் குடும்பங்கள் சர்க்கரையைப் பேசக் கற்றது அந்த நிறங்களிலிருந்து.

ஆனால் இதற்குள் துறைகள் பிரிந்துவிட்டன. சர்க்கரைக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர், எலும்புக்கு ஒருவர். சேர்த்துப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. சுவீடனின் கீலின் 1923இல் ரத்த அழுத்தம், சர்க்கரை, யூரிக் அமிலம் மூன்றும் கூட்டாக ஏறுவதை எழுதினார். கட்டுப்படாத நீரிழிவில் எலும்பு தேய்வதை அமெரிக்கரான ஃபுல்லர் ஆல்பிரைட் 1948இல் சொன்னார். இரண்டாம் வகை நீரிழிவில் கதை வேறு: ஸ்கேனில் எலும்பின் அடர்த்தி நன்றாகவே, சில சமயம் சராசரிக்கு மேலேயே இருக்கும், ஆனாலும் இடுப்பெலும்பு முறிவு மற்றவர்களைவிட இவர்களுக்கு அதிகம். எலும்பின் கொலாஜன் இழைகளில் சர்க்கரை ஒட்டி அவற்றை நொறுங்கும்படி ஆக்குகிறது. எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வேகம் குறைகிறது. மரத்த பாதமும் மங்கிய பார்வையும் விழவைக்கின்றன. அடர்த்தி எண்ணை மட்டும் பார்த்து ஆறுதல் சொல்வது, குடுவையை மட்டும் பார்த்து ஆயுள் சொன்ன பழைய வழக்கத்துக்குத் திரும்புவதாகும்.

யூரிக் அமிலத்திலும் இதே சிக்கல்தான். 2011இல் சிட்னியில் முதிய ஆண்களிடம் நடந்த ஆய்வு ஒன்றில், ரத்தத்தில் அது கூடுதலாக இருந்தவர்களின் எலும்பு அடர்த்தியும் கூடுதலாக இருந்தது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் குணம் யூரிக் அமிலத்துக்கு உண்டு, அது எலும்பைக் காக்கலாம் என்ற எண்ணம் பரவியது. பின்பு மரபணு வேறுபாடுகளை வைத்துச் சோதித்தபோது, யூரிக் அமிலம்தான் காரணம் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. நீரிழிவுக்காரரிடம் இந்த எண் இன்னும் ஏமாற்றும். சர்க்கரை ஓரளவு ஏறும்வரை யூரிக் அமிலமும் ஏறும். சிறுநீரில் சர்க்கரை கொட்டத் தொடங்கியதும் யூரிக் அமிலத்தையும் இழுத்துக்கொண்டு போகும். ஆகவே யூரிக் அமிலம் குறைவு என்று வந்த தாள், சர்க்கரை கட்டுமீறிப் போனவருடையதாகவும் இருக்கலாம். அவருடைய எலும்பு பலவீனமாக இருந்தால் பழியை எதன்மேல் போடுவது?

சர்க்கரை சிறுநீரில் கொட்டும் இந்த வழியையே மருந்தாக்கிவிட்டது இன்றைய மருத்துவம். ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835இல் பிரித்த ஃபுளோரிசின், சிறுநீரில் சர்க்கரையை வரவழைக்கும் என்று 1886இல் ஜெர்மனியின் ஃபான் மெரிங் காட்டினார். அதன் வழித்தோன்றல்கள்தான் டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகின்றன. கூடவே யூரிக் அமிலமும் குறைகிறது. எலும்பு விட்டுவிடவில்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த கானாகிளிஃப்ளோசின் குறித்து 2017இல் வெளியான கேன்வாஸ் ஆய்வில் எலும்பு முறிவுகள் கூடியிருந்தன. அதே மாத்திரையைச் சிறுநீரகம் பழுதான நீரிழிவுக்காரரிடம் சோதித்து 2019இல் வெளியான கிரிடன்ஸ் ஆய்வில் அப்படிக் கூடவில்லை.