ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை

சென்னைக்கு மேற்கே ஆவடியில் உள்ள இத்தொழிற்சாலை, இந்திய இராணுவத்துக்கு வேண்டிய டாங்கிகளைத் தயாரிக்கும் பிரதான ஸ்தாபனமாகும். யுத்த தளவாடங்களுக்கு அந்நிய தேசங்களையே எதிர்பார்த்திருத்தல் ஆகாது என்ற எண்ணம் வலுப்பெற்று வந்த 1960-களின் தொடக்கத்தில் மத்திய சர்க்காரால் நிறுவப்பெற்ற இது, பிரிட்டனின் விக்கர்ஸ் கம்பெனியுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி ‘விஜயந்தா’ டாங்கியை 1965 முதல் தயாரிக்கலாயிற்று. பின்னர் ருஷ்ய மாதிரிகளான டி-72, டி-90 ஆகியனவும் இங்கு உருப்பெற்றன.

சுதேசி முயற்சியின் உண்மையான பரீட்சையாக அமைந்தது ‘அர்ஜுன்’ ஆகும். 1974-இல் அனுமதி பெற்று, அதே ஆவடியிலுள்ள போர் வாகன ஆராய்ச்சி நிலையத்தாரால் வகுக்கப்பெற்ற இந்த டாங்கி, படையினரின் தேவைகள் இடையிடையே மாறியதாலும், என்ஜினும் பற்சக்கரப் பெட்டியும் ஜெர்மனியிலிருந்து தருவிக்கப்பட்டதாலும், ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து 2004-இல்தான் சேனையில் சேர்ந்தது. அத்தாமதத்தைக் குறைகூறுவோர், எஃகுக் கவசத்தைப் பற்றவைக்கவும் பீரங்கிக் கோபுரத்தை நுட்பமாகக் கடையவும் அறிந்த தொழிலாளர் பரம்பரை ஒன்று அக்காலத்தில் உருவானதையும் கணக்கில் கொள்ளுதல் நியாயம். பொன்னைக் கொட்டினாலும் சந்தையில் கிட்டாத செல்வம் அது.

2021 அக்டோபர் 1-ஆம் தேதி, படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு அதன் 41 தொழிற்சாலைகளும் ஏழு அரசு நிறுவனங்களாகப் பகுக்கப்பட்டபோது, அவற்றுள் ஒன்றான இத்தொழிற்சாலை ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட கவச வாகன நிறுவனத்தின் கீழ் வந்தது. தொழிற்சங்கங்கள் அம்மாற்றத்தை வன்மையாக எதிர்த்தன. அவ்வாண்டிலேயே இயற்றப்பட்ட சட்டமொன்று, அத்தியாவசியப் பாதுகாப்புப் பணிகளில் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்ய அரசுக்கு அதிகாரம் அளித்தது.