கப்பலின் அறிக்கையில் இன்னும் மெட்ராஸ்

மெட்ராஸ் 1996இல் சென்னை ஆயிற்று. ஆயினும் துறைமுகத்துக்குக் கப்பல்கள் அனுப்பும் மின்னணு அறிக்கைகளில் அவ்வூரைக் குறிப்பது 'ஐஎன்எம்ஏஏ' என்னும் ஐந்தெழுத்துக் குறியீடுதான். முதல் இரண்டு எழுத்து இந்தியாவுக்கு. எஞ்சிய மூன்றும் மெட்ராஸின் எச்சம். மும்பை அங்கே இன்னும் 'பிஓஎம்'. 2011இல் வ.உ.சி.யின் பெயரைப் பெற்ற தூத்துக்குடித் துறைமுகம் 'டியூடி'. நான் வசிக்கும் புனேவில் கடல் இல்லை. ஆனாலும் 'ஐஎன்பிஎன்க்யூ' என்று இவ்வூருக்கும் ஒன்று உண்டு. சரக்கு எங்கிருந்து புறப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டுமல்லவா?

ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் 1981இல் இப்பட்டியலை முதன்முதலில் வெளியிட்டது. நம் சுங்கத்துறை அதன்மேல் ஆறாவதாக ஓர் எண்ணைச் சேர்த்துக்கொண்டது: சென்னைக் கடல் துறைமுகத்துக்கு 1, விமான நிலையத்துக்கு 4. இதில் காலனிய எச்சத்தை மட்டும் காண்பது எளிது. ஊர்ப்பெயர் மாறினாலும் பழைய பதிவுகள் புதியவற்றோடு பொருந்தவேண்டும் என்பதால், மாறாதிருப்பதே குறியீட்டின் தகுதி என்பேன்.

தரப்படுத்தல் கணினியோடு தொடங்கவில்லை. துறைமுகத்துக்குத் துறைமுகம் வேறுபட்ட படிவங்களைக் குறைக்கவே 1965 ஏப்ரல் 9 அன்று லண்டனில் கடல்வழிப் போக்குவரத்தை எளிதாக்கும் உடன்படிக்கை உருவாயிற்று. பொது அறிவிப்பு, சரக்கு, கப்பலின் சேமிப்புப் பொருள்கள், மாலுமிகளின் உடைமைகள், மாலுமிகள் பட்டியல், பயணிகள் பட்டியல், ஆபத்தான சரக்குகள் என அதன்வழி ஏழு மாதிரிப் படிவங்கள் அமைந்தன. பின்னாளில் மின்னணு முறை இக்காகிதங்களின் கட்டங்களையே பெருமளவு தன்னுள் வாங்கிக்கொண்டது.

1987இல் 'எடிஃபாக்ட்' என்ற செய்தி இலக்கணம் ஐ.எஸ்.ஓ. தரமாயிற்று. அதன் அடிப்படை எழுத்துத் தொகுதி ரோமானியப் பெரிய எழுத்துகள், எண்கள், சில குறிகள், அவ்வளவே. மேற்கோள் குறி அங்கே தொடரை முடிக்கும் குறி. ஆகவே பெயருக்குள் அக்குறி வந்தால் முன்னால் ஒரு கேள்விக்குறி இட்டுக் காக்கவேண்டும். ஏறத்தாழ அதே ஆண்டுகளில் புனேயின் சி-டாக் நிறுவனம் இந்திய எழுத்துகளைக் கணினிக்குக் கொண்டுவர உழைத்துக்கொண்டிருந்தது. 1991இல் 'இஸ்கி' இந்தியத் தரமாயிற்று. இரண்டு முயற்சிகளும் சந்திக்கவேயில்லை.

எழுத்தைவிடக் கடினமானது பொருள். 'வருகை நேரம்' என்றால் எது? கப்பல் நங்கூரமிட்ட நேரமா, துறைமுக வழிகாட்டி ஏறிய நேரமா, கரையணைந்த நேரமா? சர்வதேசக் கடல்சார் அமைப்பின் தரவுத் தொகுப்பு, சுங்க அமைப்பு, ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம், ஐ.எஸ்.ஓ. ஆகியவற்றின் வரையறைகளை ஒன்றோடொன்று பொருத்தி, ஒவ்வொரு தரவுக்கும் ஓர் எண்ணும் ஒரே விளக்கமும் தருகிறது. இது அகராதிப் பணியேதான், தலைகீழாக. எங்கள் ஊர் டெக்கான் கல்லூரியின் சமஸ்கிருதப் பேரகராதி, ஒரு சொல் காலந்தோறும் ஏற்ற பொருள்களையெல்லாம் திரட்டுகிறது. கடலகராதியோ ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை விலக்குகிறது.

மின்னணுப் பரிமாற்றம் 2019 ஏப்ரல் 8 முதலும், ஒற்றைச் சாளர முறை 2024 ஜனவரி 1 முதலும் உடன்படிக்கை நாடுகளுக்குக் கட்டாயம். இந்தியாவில் பிசிஎஸ் 1எக்ஸ் 2018 டிசம்பரிலும், அதன் வழிவந்த என்எல்பி மரைன் 2023இலும் வந்தன.

என்னை உறுத்துவது மாலுமிகள் பட்டியல். அதில் 'குடும்பப்பெயர்', 'இட்ட பெயர்' என இரண்டு கட்டங்கள். தமிழ் மாலுமிக்கு இருப்பது முன்னெழுத்தும் பெயரும். அம்முன்னெழுத்தை விரித்தால் தந்தையின் பெயர் குடும்பப்பெயராகிவிடும். அவர் மகனுக்கோ 'குடும்பம்' வேறாகும். கடவுச்சீட்டில் ஒருவிதமாகவும் மாலுமிச் சான்றேட்டில் வேறுவிதமாகவும் இது பதிவானால், காகிதக் காலத்து எழுத்தர் பார்த்துப் புரிந்துகொண்டிருப்பார். கட்டத்தைக் கட்டத்தோடு ஒப்பிடும் நிரலுக்கு அவர்கள் இரண்டு ஆட்கள்.

இதற்கு மாற்று இல்லாமலில்லை. கடவுச்சீட்டுகளுக்கான சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் தரம் 'முதன்மை அடையாளம்', 'துணை அடையாளம்' என்றே பேசுகிறது. எது எங்கே அமையும் என்பதை வழங்கும் நாட்டிடம் விடுகிறது. கடற்படிவம் 'குடும்பப்பெயர்' என்றே இன்னும் கேட்கிறது.