புள்ளியும் இழையும்: சுட்டியின் வரலாற்றில் ஒரு பகுதி

வாசலிற் கோலமிடும் நம் தாய்மார் முதற்கண் புள்ளிகளை வைப்பர். பின்னரே அவற்றைச் சுற்றி இழையை ஓட்டுவர். கணிப்பொறித் திரையிற் சுட்டியைப் பிடித்துக் கோடு வரையும்போதும் ஏறக்குறைய இதுவே நிகழ்கிறது. ஆயினும் இரண்டிற்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. தமிழ் எழுத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கு அவ்வேறுபாடு பயன்படும் என்பதனாலேயே இதனை எழுதலானோம்.

கை போகும் வழியைப் பொறி பின்தொடர வேண்டும் என்னும் முயற்சி சுட்டிக்கு முற்பட்டது. கனடா நாட்டுக் கடற்படைக்கென 1952-ஆம் ஆண்டளவில் ஆக்கப்பெற்ற ஒரு கருவியில், சிறு பந்தொன்றை உள்ளங்கையால் உருட்டித் திரைக்குறியை நகர்த்தினர். போர்க்கருவி ஆதலின் அது மறைபொருளாகவே கிடந்தது. 1963-இல் ஐவன் சதர்லாந்து என்பார் அமெரிக்காவின் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் அளித்த ஆய்வேடே வரைதலின் வரலாற்றில் தலையாயது. அவர் கையாண்டது ஒளியுணரும் எழுதுகோல். திரையில் ஓர் ஒளிக்குறி தோன்றும்; கோல் அதன் ஒளியை உணரும்; கோல் நகரின் குறியும் உடன் நகரும். கோலைச் சட்டென்று வீசி இழுத்தால் குறி பின்தொடர இயலாது நின்றுவிடும். இக்குறையைச் சதர்லாந்து குறையாக விட்டுவிடவில்லை. ‘வரைந்தது போதும்’ என்று பொறிக்கு அறிவிக்கும் சைகையாகவே ஆக்கிக்கொண்டார்! அறிவுடையார் செயல் அன்றோ இது?

சுட்டியை எண்ணியவர் டக்ளஸ் எங்கல்பர்ட். 1964-இல் அதைச் செய்து கொடுத்தவர் பில் இங்கிலீஷ். ஒரு மரக்கட்டை, அதன் அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரு சக்கரங்கள், மேலே ஒரு பொத்தான்: இவ்வளவே. ஒரு சக்கரம் கிடைநகர்ச்சியையும் மற்றது நெடுநகர்ச்சியையும் அளந்தன. 1968 டிசம்பர் 9-ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோ நகரில் அறிஞர் அவையின் முன் அது இயக்கிக் காட்டப்பெற்றது. பின்னர்ச் சக்கரங்களின் இடத்தைப் பந்து பெற்றதும், பந்தின் இடத்தை ஒளி பெற்றதும் பலரும் அறிந்தவை.

இங்கே நுணுகி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. இன்றைய சுட்டியை மேசையினின்று தூக்கி வேறோரிடத்தில் வைத்துப் பாருங்கள்; திரையிலுள்ள அம்பு அசையாது. ஏன்? சுட்டிக்குத் தான் இருக்கும் இடம் தெரியாது. ‘வலமாக இத்துணை, கீழாக இத்துணை’ என்று நகர்ச்சியை மட்டுமே அது கூறும். அந்நகர்ச்சிகளைக் கூட்டி, ‘இப்பொழுது அம்பு இவ்விடத்தில்’ எனக் கணக்கு வைப்பது கணிப்பொறியின் வேலை. அந்தக் கணக்கும் நம் பள்ளிக் கணக்கு அன்று. திரையின் இடப்புற மேல்மூலையே தொடக்கம். கீழே செல்லச்செல்ல எண் பெருகும். வரைபடத்தாளில் மேல்நோக்கி எண்ணிப் பழகிய மாணவன் முதல் நாள் தலைகீழாக வரைவது இயல்பே.

வரையும் நிரலுக்கு மூன்று செய்திகள் வந்து சேர்கின்றன: பொத்தான் அழுந்தியது, அம்பு நகர்ந்தது, பொத்தான் விடுபட்டது. ஒவ்வொன்றுடனும் அம்பின் இடம் குறிக்கப்பெறும். பொதுவான சுட்டி நொடிக்கு ஏறத்தாழ 125 முறை செய்தி அனுப்பும். மெல்ல வரைந்தால் புள்ளிகள் நெருங்கி விழும். விரைந்து வரைந்தால் அவற்றிடையே பெரும் இடைவெளி தோன்றும். வந்த இடத்தில் புள்ளி மட்டும் வைத்தால் கோடு கிடைக்காது, சிதறிய அரிசி மணிகளே கிடைக்கும். ஆகவே முந்திய இடத்தை நினைவில் வைத்து, அதனைப் புதிய இடத்தோடு கோட்டால் இணைக்க வேண்டும். அந்தக் கோட்டுக்கு உரிய நுண்புள்ளிகளை, வகுத்தலும் பெருக்கலும் மிகாமல், முழுவெண்களின் கூட்டலாலேயே தேர்ந்தெடுக்கும் முறையை ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய பிரசன்ஹாம் 1962-இல் கண்டார், 1965-இல் வெளியிட்டார். தாளில் கோடிழுக்கும் பொறிக்கென்று பிறந்த முறை பின்னர்த் திரைக்கும் பொருந்திற்று.

இனி நம் மரபுக்கு வருவோம். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, இராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் 1974-இல் கோலத்தைக் கணித இலக்கணத்தால் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டனர். சொற்கள் சேர்ந்து தொடராவதற்கு விதி உண்டல்லவா? அதுபோலவே சிறு கோலம் பெருங்கோலமாக வளர்வதற்கும் விதி வகுத்தனர். கம்பிக் கோலத்தைப் பற்றிப் பின்னர் நிகழ்ந்த ஆய்வு எமக்கு இன்னும் சுவையுடையதாகத் தோன்றுகிறது. இழை போகும் போக்கை அது ஏழே அசைவுகளாகப் பகுத்தது: நேரே செல்வது ஒன்று, வலப்புறம் வளைவன மூன்று, இடப்புறம் வளைவன மூன்று. சிறிதே வளைதல், புள்ளியைச் சுற்றித் திரும்புதல், முழுச் சுழியிட்டுச் செல்லுதல் என வளைவின் அளவே அம்மூன்றின் வேறுபாடு.

எனவே கோலமிடும் கை இடத்தை எண்ணாமல் அசைவை எண்ணுகிறது. ‘இத்தனையாம் வரிசை, இத்தனையாம் புள்ளி’ என்று எந்தத் தாயும் மகளுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. ‘சுற்றி வா, திரும்பு, நேரே போ’ என்பதே பாடம். சுட்டியும் தன்னளவில் அசைவையே பேசுகிறது என்று மேலே கண்டோம். கணிப்பொறிதான் அதனை இடமாக மாற்றிவிடுகிறது. மாற்றியபின் முந்தியது எது, பிந்தியது எது என்னும் வரிசையை நிரல் எழுதுவோர் சேமித்தால் உண்டு, சேமியாவிடின் இல்லை. திரையிலோ வெறும் படம் மட்டுமே எஞ்சும்.

வாசற் கோலத்தைப் படம் பிடித்துத் தொகுப்போர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது. இழை எங்கே தொடங்கிற்று, எப்பக்கம் திரும்பிற்று என்பதைப் படம் கூறாது. ‘அ’ என்னும் எழுத்தும் அத்தகையதே. அச்சிட்ட ‘அ’வைப் பார்த்து மட்டும் எழுதும் குழந்தை, சுழியில் தொடங்காமல் வலப்புறக் கோட்டில் தொடங்கினாலும் முடிந்தபின் எழுத்து சரியாகவே தோன்றும், பிழை கண்ணுக்குப் புலப்படாது. மேலே கூறிய சிரோமணி தம் துணைவருடன் 1978-இல் அச்சுத் தமிழெழுத்தைக் கணிப்பொறி அறிந்துகொள்ளும் முறையையும் வெளியிட்டார். அச்செழுத்தில் கையின் வரிசை இல்லை. வடிவம் ஒன்றே உண்டு. குழந்தை எழுத எழுதவே அறியும் பொறிக்கோ புள்ளிகளின் இடத்தோடு அவை வந்த வரிசையும் கிட்டும். எழுத்துப் பயிற்சிக்கென நிரல் செய்வோரிடம், புள்ளிகளை வந்த முறைமாறாது சேமிக்கும்படி ஆசிரியர்கள் கேட்கலாம். பெரும் பொருட்செலவு இல்லை. ஒரு பட்டியல் போதும்.